சார்ஜன்ட்டின் ஆணியில் முருகன்

மீசையைச் சீவி முடித்து, வழக்கம்போலச் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்க்க நிமிர்ந்த செல்லசாமி, அங்கே முருகப்பெருமானைக் கண்டார்.

மயில்மேல் அமர்ந்து, வேலைச் சாய்த்துப் பிடித்து, முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நாள் கிழிக்கும் தாள்கள். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு கடையின் பெயர். எல்லாம் முருகனுக்கு உரியவை. தொங்கிய ஆணி மட்டும் செல்லசாமிக்கு உரியது.

அந்த ஆணியில் இருந்தது அவருடைய படம். சார்ஜன்ட் பட்டி கையில் ஏறிய வாரம் நுவரெலியாவில் எடுத்தது. தொப்பி, நெஞ்சு நிமிர்வு, மீசை. பொலிஸ் வேலையை விட்டு ஓய்வு பெற்று, தலவாக்கலையில் ஓட்டோக்கார ரிஸ்வியின் மாமனார் கடைக்கு மேலே 'செல்லசாமி துப்பறியும் சேவை' என்று பலகை மாட்டிய பிறகும், ஒவ்வொரு நாள் காலையும் அவர் அந்தப் படத்திடம் ஆஜராகாமல் வட்டகொடை வீட்டை விட்டு இறங்கியதில்லை.

"தனுஜா!"

மருமகள் குசினியிலிருந்து மாவுக் கையோடு வந்தாள்.

"சுவத்துல யாரு?"

"முருகன், மாமா."

"நேத்து வரைக்கும் யாரு இருந்தது?"

தனுஜா சுவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "நீங்க, மாமா."

"இப்ப நான் எங்க?"

"ரொட்டி கருகுது, மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கருகிய வாசனை ஒன்றும் வரவில்லை. அதைச் செல்லசாமி கவனித்தார். ஆனால் சொந்த வீட்டுப் பெண்ணை விசாரிப்பது தன் கௌரவத்துக்கு அடுக்காது என்று விட்டுவிட்டார். இந்த வழக்கில் அவர் செய்த முதல் பிழை அதுதான்.

சற்று நேரத்தில் வாசலில் ரிஸ்வியின் ஓட்டோ வந்து நின்றது. ரிஸ்வி அவருக்குச் சாரதி, உதவியாளர், சம்பளம் சரியாகக் கிடைக்காதபோது கடன்காரன். வாய் மட்டும் எந்த நாளும் ஓய்வெடுத்ததில்லை.

"என்ன சேர், காலையிலேயே சாமி கும்பிடுறீங்க?"

"கும்பிடல. விசாரிக்கிறேன்."

ரிஸ்வி சுவரைப் பார்த்தான். அவனுடைய முகத்தில் எதுவோ ஓடி மறைந்தது. "படத்த யாரோ எடுத்திட்டாங்களா? விடுங்க சேர். புதுசா ஒண்ணு எடுப்போம். இப்பல்லாம் ஸ்டூடியோவுலயே மீசைக்குக் கறுப்பு பூசித் தருவாங்க."

"வாயை மூடிட்டுக் கேளு." செல்லசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "குத்துவிளக்கு இருக்கு. ரேடியோ இருக்கு. அதனால வந்தவன் திருடன் இல்ல. படத்தை எடுத்துட்டு ஆணிய வெறுமனே விட்டிருந்தா நான் வாசல்ல இருந்தே பார்த்திருப்பேன். அதுல இன்னொண்ண மாட்டினவன் என் கண்ணுக்குப் பயந்தவன்."

"இல்லாட்டி முருக பக்தன்."

"கலண்டர் புதுசும் இல்ல. முந்தாநாள் வரைக்கும் கிழிச்சிருக்கு. யாரோ தன் வீட்டுச் சுவத்துல இருந்து கழட்டிக் கொண்டுவந்தது. கடைப் பேரைப் படி."

ரிஸ்வி மெதுவாக, எழுத்துக்கூட்டுகிறவன் போலப் படித்தான். "நாகலெட்சுமி பூஜைப் பொருள் நிலையம். அக்கரப்பத்தனை."

"நல்லதாப் போச்சு. பேத்தி லோஜினியும் அங்கதான் இருக்கா. ஷாமிலான்னு அவ கூடப் படிக்கிற புள்ள வீட்டுல தங்கி பரீட்சைக்குப் படிக்கிறா. வர்ற வழியில பார்த்துட்டு ஒரு பிஸ்கட் பெட்டி குடுத்துட்டு வரலாம்."

ரிஸ்விக்கு இருமல் வந்தது. "சேர், யாரோ சூனியம் வைக்கக் கொண்டுபோயிருந்தா? நாம போறது நல்லமில்லையே."

"சூனியம் வைக்கிறவன் படத்தை எரிப்பான். எரிக்கிறதுக்குக் கண்ணாடியும் சட்டமும் எதுக்கு? சட்டத்தோட தூக்கினவன் இன்னொரு சுவத்துல மாட்டத்தான் தூக்கியிருக்கான். என் படத்தைத் தன் வீட்டுல மாட்டிக்கிற தைரியம் எவனுக்கு வந்ததுன்னு நான் பார்க்கணும். அது வெறும் படம் இல்ல ரிஸ்வி. எங்க குடும்பத்துப் பேரு."

அவர் மிகைப்படுத்தவில்லை. அவருடைய பாட்டனார் தேயிலைக் கூடை சுமக்க வந்தவர். அப்பா தோட்டத்துத் தொரையின் ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றவர். குனியாமல் நின்ற முதல் ஆள் அந்தப் படத்தில் இருந்தவர். அந்த நிமிர்வு பேத்தி வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான், போன வருடம் பாடசாலை அதிபர் வீடு தேடி வந்து, "லோஜினிய மாகாணப் பாட்டுப் போட்டிக்கு அனுப்புங்க, ஐயா" என்று கேட்டபோது, "எங்க வீட்டுப் புள்ள ஊர் பார்க்க நின்னு பாடாது" என்று ஒரே வரியில் அனுப்பிவைத்தார். லோஜினி அழவில்லை. அவள் அழாததைத் தன் வளர்ப்புக்குக் கிடைத்த சான்றிதழ் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

*

ஓட்டோ தலவாக்கலையைத் தாண்டியதும் ரிஸ்வி ஹட்டன் பக்கம் திருப்பினான்.

"எங்கடா போற?"

"பெட்ரோல் சேர்."

"பெட்ரோல் செட்டு இப்பத்தான் பின்னால போச்சு."

"அங்க அளவு சரியில்ல சேர்."

திரும்பி வந்தார்கள். லிந்துலையில் ஒரு தேநீர்க் கடையில் ரிஸ்விக்குத் தலை சுற்றியது. அதற்கு மேலே ஒரு வளைவில் கிளட்ச் வயருக்குத் தலை சுற்றியது. பனி இறங்கி வந்து தேயிலைச் செடிகளைத் தடவிவிட்டுப் போனது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓட்டோவைப் பார்த்து ஏதோ பேசி, உடனே பேச்சை நிறுத்தினார்கள்.

செல்லசாமிக்குப் போன மாதத்து வழக்கு நினைவுக்கு வந்தது. அதுவும் அக்கரப்பத்தனைதான். பழனியாண்டி என்ற தோட்டத் தொழிலாளியின் மகன் கிஷாந்த் காணாமல் போய்விட்டான். ஹட்டன் பஸ் நிலையத்தில் செல்லசாமி அவனைப் பிடித்தார். தலைமுடி பித்தளை நிறத்தில் இருந்தது. சட்டையில் ஜிகினா. தொலைக்காட்சி நடனப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தான். "நான் தெரிவாயிட்டா எங்கப்பா இனிமே மலை ஏறத் தேவையில்ல, ஐயா" என்றான். அவனை ஒப்படைத்தபோது, பழனியாண்டியை நிற்க வைத்தே செல்லசாமி கேட்டார்: "புள்ள வளர்க்கத் தெரியாதா உனக்கு? டீவியில வர்றவனைப் பார்த்து ஆடுற புள்ளைய வீட்டுல வச்சிருக்கியே, வெட்கமா இல்ல?" பழனியாண்டி கை கட்டிக் கேட்டுக்கொண்டான்.

இந்த ஆறு மாதத்தில் அவரிடம் வந்த வழக்குகளில் பாதி இப்படிப்பட்டவை. முன்பு பிள்ளைகள் காதலுக்காக ஓடினார்கள். அதற்குப் பொலிசில் ஒரு வழி இருந்தது. இப்போது மேடைக்காக ஓடுகிறார்கள். அதற்கு எந்தச் சட்டப் பிரிவைத் தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்றோரைத் திட்டுவது ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

*

நாகலெட்சுமியின் கடை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. வாசலில் ஊதுபத்தி மணம். உள்ளே விபூதிப் பொதிகள், சாமிப் படங்கள், சுவரில் வரிசையாகச் சிறிய கண்ணாடிகள், கூரையிலிருந்து தொங்கும் மாலைகள். பூத் தொடுத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிர்ந்து செல்லசாமியைப் பார்த்தாள். நூல் உருண்டை அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் ஓடியது.

அவள் அதை எடுக்கக் குனிந்தாள். நூலை எடுக்கவில்லை. செல்லசாமியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, செருப்புல சேறா?"

"இல்லங்க ஐயா. கால்... தரையிலதான் இருக்கு" என்றாள் நாகலெட்சுமி. பிறகுதான் மூச்சு விட்டாள்.

செல்லசாமி கலண்டரை மேசைமேல் வைத்தார். "இது ஒங்க கடையோடதா?"

"ஆமாங்க. தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்குன எல்லாருக்கும் குடுத்தோம். இங்க எல்லா லயத்து வீட்டுலயும் இந்த முருகன்தான்."

வழி அடைபட்டது. ரிஸ்வி பின்னாலிருந்து, "அப்ப சரி சேர், வீட்டுக்குப் போவோமா?" என்றான் உற்சாகமாக.

செல்லசாமி அசையவில்லை. அவர் மாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ரோஜா மாலை, ஜரிகை மாலை. அவற்றுக்கு நடுவே தனியாக, சந்தனச் சீவலில் கட்டிய மாலைகள். உயிரோடு இருக்கும் எவர் படத்துக்கும் இந்த மலையில் யாரும் அதைச் சூட்டமாட்டார்கள்.

"சட்டத்தோட ஒரு படத்தைக் கொண்டு வந்து மாட்டினவன், அதுக்கு ஏதாவது சூட்டுவான்" என்றார் மெதுவாக. "இந்த வாரம் படத்துக்கு மாலை வாங்கினது யாரும்மா?"

நாகலெட்சுமி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் பார்வை செல்லசாமியின் தோளைத் தாண்டிப் போனது. செல்லசாமி திரும்பவில்லை. சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி ஒன்றைப் பார்த்தார். அதற்குள் ரிஸ்வி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, தலையை வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லும்மா. அவன் கிடக்கிறான்."

"ஒரு இஸ்கூல் புள்ளதாங்க. சந்தன மாலைதான் வேணும்னுச்சு. பிளாஸ்டிக் மாலை மலிவு கண்ணு, அதை எடுத்துக்கன்னு சொன்னேன். வேணாம், லைட்டு பட்டா மின்னும், மின்னாத மாலையாக் குடுங்கன்னுச்சு."

"செத்தவருக்கு மாலை, மின்னக்கூடாதா?"

"அப்படித்தாங்க கேட்டுச்சு." நாகலெட்சுமி இன்னொரு முறை அவர் கால்களைப் பார்த்தாள். "ஐயா, ஒரு வாய் பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. பாவம்."

பாவம் என்ற அந்தச் சொல் எதற்கு என்று செல்லசாமிக்குப் புரியவில்லை.

*

கடையை விட்டு அரை மைல் தூரம் போனதும் அவர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கி, தேயிலை மலை ஓரத்தில் நின்றார்.

"மாலை மின்னக்கூடாதுன்னு கவலைப்படுற இடம் உலகத்துல ஒண்ணுதான் ரிஸ்வி. கெமராவுக்கு முன்னால. ஒரு இஸ்கூல் புள்ள, கெமரா, செத்தவருக்குப் போடுற மாலை, என் படம்." அவர் குரல் சாட்சிக் கூண்டில் நிற்கிற குரலாக இருந்தது. "காலையில இருந்து நீ என்னை ஹட்டனுக்குக் கூட்டிப்போகப் பார்த்த. தலை சுத்துதுன்ன. கிளட்ச் வயருன்ன. இப்ப அந்தப் பொம்பளைக்குச் சைகை காட்டுற. இந்தக் கேஸ்ல செத்தது யாரு?"

ரிஸ்வி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நீங்கதான் சேர்."

காற்று தேயிலைமேல் ஓடியது. தூரத்தில், தொழிலாளரைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரோ பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"எப்ப?"

"போன மாசியில. நெஞ்சு வலி. தூக்கத்துலயே போயிட்டீங்க. கஷ்டப்படல." ரிஸ்வி ஃபோனை எடுத்து நீட்டினான். "பாத்துருங்க சேர். இனி மறைச்சு வேலை இல்ல."

சிறிய திரையில் பெரிய மேடை ஒன்று தெரிந்தது. 'மகுடக் குரல்' என்று விளக்குகள் எரிந்தன. நடுவில், தோள்வரை தலைமுடியை விரித்துவிட்டு, லோஜினி நின்றாள்.

"யாருக்காகப் பாடுறீங்க, கண்ணு?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

"எங்க தாத்தாவுக்காக." லோஜினியின் குரல் நடுங்கியது. "பொலிஸ்ல இருந்தாரு. வேலை முடிஞ்சு வந்து, தொப்பியக் கழட்டி என் தலையில வச்சிட்டு, 'பாடு கண்ணு, யாருக்கும் பயப்படாம பாடு'ன்னு சொல்வாரு. ஒருநாள் நீ மேடை ஏறுவ, நான் முன் வரிசையில உக்காந்து பார்ப்பேன்னு சொன்னாரு. பார்க்க முன்னாடியே..."

நடுவர் கண்ணைத் துடைத்தார். சபை எழுந்து கைதட்டியது. பிறகு அவள் பாடினாள்.

பதினாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், பேத்தி ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடி அவர் கேட்டதில்லை. நன்றாகப் பாடினாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"மொதல் சுத்துல சும்மாதான் பாடிச்சு சேர்" என்றான் ரிஸ்வி. "குரல் நல்லம், ஆனா கதை இல்லன்னுட்டாங்களாம். அங்க வந்த புள்ளைக எல்லாம் ஆளுக்கொரு கதையோட வந்தீக்கிறாங்க. ஒருத்தனுக்கு வாப்பா இல்ல. ஒருத்திக்கு உம்மா குவைத்துல. ஒங்கட புள்ளைக்கு என்ன ஈக்குது? டைல்ஸ் போட்ட வீடு, மூணு வேளைச் சாப்பாடு. வாழ்க்கையில ஒரு கொறையும் இல்ல, நீங்க ஒருத்தரத் தவிர."

"அதனால என்னைக் கொன்னுட்டா."

"மரியாதையாத்தான் சேர்."

செல்லசாமி யோசித்தார். முப்பது வருடத் துப்பறியும் மூளை, கேட்காமலே கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமைதோறும் இந்த நிகழ்ச்சியா?"

"ஆமா சேர்."

"கோவில் கமிட்டிக் கூட்டமும் ஞாயித்துக்கிழமை."

ரிஸ்வி பனியைப் பார்த்தான்.

"கூரைத் தகரம் ஒண்ணை மாத்துறதப் பத்தி வாராவாரம் பேசுறோம். ஒருத்தரும் ஒரு முடிவுக்கும் வரமாட்டேங்கிறாங்க. எல்லாரும் மேசைக்கடியில ஃபோனைப் பார்க்கிறாங்க."

"ஒங்கள வீட்டுல இருந்து வெளியேத்தத்தான் கூட்டம், சேர். மேசைக்கடியில வோட்டுப் போடுறாங்க. தலைவரு ஐயா உட்பட. இந்தப் பக்கத்துல இருந்து இவ்வளவு தூரம் போன மொதப் புள்ள இல்லையா? வட்டகொடையே சேர்ந்து ஒங்களை மறைச்சு வச்சீக்குது."

"தனுஜா?"

"போட்டிப் படிவத்துல அவங்கதானே கையெழுத்து."

"நீயும் வோட்டுப் போட்டியா?"

"இல்ல சேர்."

"ரிஸ்வி."

"ரெண்டு சிம்முலயும்."

செல்லசாமி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரிலேயே நடந்தது தெரியாத ஒரே ஆள், ஊரிலேயே துப்பறிகிற ஒரே ஆள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவருடைய மீசை ஒரு பக்கம் மட்டும் துடித்தது.

"இன்னைக்கு வீட்டைப் படம் பிடிக்க வந்தீக்கிறாங்க" என்றான் ரிஸ்வி. "ஒங்கட வீட்டைக் காட்டினா அழுகை வராதுன்னு, ஷாமிலா வீட்டு லயத்தைக் காட்டுது புள்ள. கடைசிச் சுத்துக்கு முன்னாடி இதுதான் சேர். இதுல சறுக்கினா போச்சு."

"வண்டிய எடு."

"சேர், என்ன செய்யப் போறீங்க?"

"அவளைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வரப் போறேன். நான் உயிரோட இருக்கேன்னு அந்தக் கெமராவுக்கு முன்னால சொல்லப் போறேன்."

*

லயத்து வரிசை வீடுகளின் முன்னால் திருவிழாக் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த தொலைக்காட்சி வான் வண்டி நின்றது. பெண்கள் வேலைக்குப் போகும் பழைய சேலையில் நின்றார்கள். காலையில் கட்டியிருந்த நல்ல சேலைகளைப் படப்பிடிப்புக்காரர்கள் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். ஒரு வீட்டின் உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஒன்றின்மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. வறுமைக்கு இடைஞ்சலாக இருந்த எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, அந்த வீட்டைத் தேவையான அளவுக்கு ஏழையாக்கியிருந்தார்கள்.

கூட்டம் செல்லசாமியைக் கண்டதும் பிளந்து வழிவிட்டது. ஒவ்வொரு தலையாகக் குனிந்து அவர் கால்களைப் பார்த்தது. வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரன் நிமிர்ந்தான். பழனியாண்டி. ஷாமிலா இவனுடைய மகள் என்பது செல்லசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. பேத்தி தங்கும் வீடு யாருடையது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று கேட்ட கேள்விகளை எல்லாம் திருப்பிக் கேட்கும் உரிமை பழனியாண்டிக்கு இருந்தது. அவன் கேட்கவில்லை. "வாங்க, சார்ஜன் ஐயா" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, ஒதுங்கி நின்றான். அந்த மரியாதை அடியைவிட மோசமாக விழுந்தது.

உள்ளே, சுண்ணாம்புச் சுவரில், கலண்டர் அளவுக்கு வெளிறிப்போயிருந்த ஒரு கட்டத்தின் நடுவே அவருடைய படம் தொங்கியது. முருகனின் ஆணி. தொப்பிக்குக் கீழே நெற்றியில் சந்தனப் பொட்டு. கழுத்தில் மின்னாத மாலை. கீழே சிவப்புச் சிறு விளக்கு. அதன் அடியில், தன்னுடையது அல்லாத ஒரு நிறம் போன பாவாடையில் லோஜினி உட்கார்ந்திருந்தாள். தன் தாத்தா சைக்கிளை விற்று ஆர்மோனியப் பெட்டி வாங்கித் தந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், வாசலைப் பார்த்தாள்.

வார்த்தை பாதியில் நின்றது.

"கட்!" காதில் கருவி மாட்டிய இளைஞன் ஒருவன் திரும்பினான். மதுரன் என்று மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். "யாருங்க ஐயா நீங்க? முகம் அப்படியே படத்துல இருக்கிறவர் மாதிரி இருக்கே!"

லோஜினியின் கண்களில் கெஞ்சல் இல்லை. கெஞ்சுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். பிடிபட்டவர்கள் பார்க்கும் பார்வை அது. அதை அவர் நூறு முகங்களில் பார்த்திருக்கிறார். இந்த முகத்தில் பார்ப்பார் என்று நினைத்ததில்லை.

ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் அது.' கெமரா அதையும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நாடே பார்க்கும். செல்லசாமியின் பேத்தி பொய்க்காரி என்று நாடே சொல்லும். குடும்பப் பெயரைக் காப்பாற்ற வந்தவரின் வாயாலேயே அது போகும். சொல்லாவிட்டாலோ, அவர் செத்தவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு இடம் இருக்கவில்லை.

நீதிமன்றக் கூண்டில் ஒருநாளும் பொய் சொல்லாத வாய் திறந்தது.

"அவரு எனக்கு அண்ணன்."

மதுரனின் முகம் மலர்ந்தது. "அவரோட தம்பியா! ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க. செத்த வீட்டுக்கு வந்தீங்களா அப்ப?"

"வரல." செல்லசாமி லோஜினியைப் பார்த்தார். "எனக்கு யாரும் சொல்லல."

லோஜினியின் தலை கவிழ்ந்தது.

வெள்ளை விளக்கு அவர் முகத்தில் விழுந்தது. யாரோ கையில் ஒரு பூவைத் திணித்தார்கள். அவர் தன் படத்தின் முன்னே நின்று அதைத் தனக்கே வைத்தார். படத்தில் இருந்தவர் குனியவில்லை. நின்றவர்தான் குனிந்தார்.

"உங்க அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை, ஐயா. எப்படிப்பட்டவர்?"

செல்லசாமி படத்தில் இருந்த அந்த மீசையைப் பார்த்தார். வேலை முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றி ஒரு சின்னப் பெண்ணின் தலையில் வைத்து, பாடு என்று சொன்ன மனிதர்.

"நல்லவர்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். "எனக்குத்தான் அவரோட அவ்வளவாப் பழக்கம் இல்லாமப் போச்சு."

அப்போது லோஜினி உடைந்தாள். மேடையில் நடுங்கிய குரல் அல்ல. மூக்கு ஒழுக, முகம் கோண, பிள்ளைகள் அழும் அழுகை. எழுந்து அவரைப் பார்த்து ஓடிவந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா... மன்னிச்சிருங்க தாத்தா" என்றாள்.

வாசலில் ரிஸ்வி கண்ணை மூடிக்கொண்டான்.

மதுரன் கைதட்டினான். "பிரமாதம் கண்ணு, அழுகை ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா பார்வைதான் தப்பு. சின்னத் தாத்தாவைப் பார்த்துச் சொல்லிட்டீங்க. படத்தைப் பார்த்து அதே மாதிரி இன்னொருக்கா சொல்லுங்க."

லோஜினி அவர் கையை விடவில்லை. அவர்தான் விரல் விரலாக விடுவித்து, அவள் தோளைப் பிடித்துப் படத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

"சொல்லும்மா" என்றார். "அவரு மன்னிச்சிருவாரு."

"ஐயா, நீங்க கொஞ்சம் ஓரமா நிக்க முடியுமா?" என்றான் மதுரன், கெமராவுக்குள் பார்த்தபடி. "உங்க நிழல் அவர் மேல விழுது."

செல்லசாமி தள்ளி நின்றார்.